முதல்முறை கோலாலம்பூருக்கு பேக்பேக்கிங் போறீங்களா? ஏர்போர்ட் முதல் பத்துமலை வரை தெரிந்துகொள்ள வேண்டியவை!

கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலை ஏறி, மேகம் அருவி, பெரியார் அருவி பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு பை, ஒரு ஸ்வெட்டர் போதும். அதே பையை மாட்டிக்கொண்டு முதல்முறையாக வெளிநாடு கிளம்பும் கள்ளக்குறிச்சி பக்கத்து இளைஞர்களுக்குக் கையில் எட்டும் ஊர் கோலாலம்பூர். விசா தேவையில்லை, தமிழ் பேசினாலும் சமாளிக்கலாம். ஆனால் 'நம்ம ஊரு மாதிரிதான்' என்ற அந்த நினைப்பே சில நேரம் சிக்கலில் மாட்டிவிடும். ஏன்?

எப்படிப் போவது?

கள்ளக்குறிச்சியில் விமான நிலையம் கிடையாது. தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை வழியாக தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் திருச்சி போகலாம், சென்னையும் போகலாம். இரண்டு இடத்திலிருந்தும் கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. திருச்சியிலிருந்து பறக்கும் நேரம் சுமார் 4 மணி நேரம். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்.

விசா இல்லை, ஆனால் கேள்வி உண்டு

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாட்கள் வரை மலேசியாவில் தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும்.

2024 முதல் 'டிஜிட்டல் அரைவல் கார்டு' கட்டாயம். ஊர் போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் மலேசிய குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது போலி தளம் அல்லது இடைத்தரகர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கவுன்ட்டரில் ரிட்டர்ன் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் கேட்கலாம். பதில் தடுமாறினால் உள்ளே விடாமல் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எல்லாவற்றையும் பேப்பரில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இறங்கியதும் கண்ணில் படுவது என்ன?

விமான நிலையம் நகரத்துக்கு வெளியே ரொம்ப தூரத்தில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல். பஸ்ஸில் ஒரு மணி நேரம் பிடிக்கும், ஆனால் செலவு ரொம்பக் குறைவு.

ஸ்டேஷனை விட்டு நடந்தாலே பிரிக்ஃபீல்ட்ஸ், அதாவது 'லிட்டில் இந்தியா'. பூக்கடை, இட்லிக் கடை, தமிழ்ப் பாட்டு. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் 'வெள்ளி' என்பார்கள். 'பசியாறிட்டீங்களா?' என்றால் சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். கடைப் பலகைகளில் 'கெடாய்' என்று மலாயில் எழுதியிருக்கும். அது நம்ம 'கடை'யேதான். 'மாசுக்' என்றால் உள்ளே, 'கெலுவார்' வெளியே, 'தண்டாஸ்' கழிப்பறை. இந்த மூன்றும் தெரிந்தால் ரயில் நிலையத்தில் தடுமாற வேண்டாம்.

குறைந்த செலவில் தங்க, சைனா டவுன் பெட்டாலிங் தெரு பக்கம் ஹாஸ்டல்கள் நிறைய. பக்கத்து ரயில் நிலையம் பசார் செனி. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் 1873-ல் தொடங்கப்பட்ட மகா மாரியம்மன் கோயில். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான்.

சாப்பாட்டுக்கு 'மாமாக்' கடை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் இந்தக் கடைகளில் பல விடிய விடிய திறந்திருக்கும். ரொட்டி சானாயும் 'தே தாரிக்' என்ற ஆற்றிய டீயும் பட்ஜெட்டைக் காப்பாற்றும்.

பத்துமலைக்கு கே.எல். சென்ட்ரலில் இருந்தே ரயில் உண்டு. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை, 272 படிகள். முழங்காலை மறைக்கும் உடை அவசியம். குரங்குகள் பையைப் பிடுங்கும், ஜாக்கிரதை!

ஸ்வெட்டர் வீட்டிலேயே இருக்கட்டும். வருடம் முழுக்க புழுக்கம், மதியத்துக்கு மேல் திடீர் மழை. குடை போதும்.

'டூரிஸ்ட்டா போ, வேலை பார்த்துக்கலாம்': நம்பலாமா?

கூடவே கூடாது. சுற்றுலாப் பயணியாக நுழைந்து வேலை பார்ப்பது அங்கே குற்றம். அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது மலேசிய குடிநுழைவுச் சட்டம். ஏஜென்ட் கையில் பாஸ்போர்ட் சிக்கிவிட்டால் ஊர் திரும்புவதே போராட்டம்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 'இ.சி.ஆர்' வகையில் வரும். அவர்கள் வேலைக்காக மலேசியா போக 'இ-மைக்ரேட்' மூலம் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிடமும் விசாரிக்கலாம்.

கிளம்பும் முன்...

பாஸ்போர்ட் நகலை வீட்டில் ஒன்று, மொபைலில் ஒன்று வையுங்கள். தெரியாதவர் கொடுக்கும் பார்சலை, அது ஊறுகாய் பாட்டிலாகவே இருந்தாலும் வாங்காதீர்கள். போதைப்பொருள் சிக்கினால் அங்கே தண்டனை மிகக் கடுமை. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 999. தெருவில் தமிழ் கேட்கும், ஆனால் கவுன்ட்டரில் நீங்கள் வெளிநாட்டவர்தான். இதை மட்டும் மறக்காமல் போனால், முதல் பயணம் நல்ல பயணமாகவே முடியும்.