சேணத்தின் மேல் கூடுதல் எடை: குதிரைவழிச் சிகிச்சைக்குள் எடைச்சட்டை வந்த வழி

ஒலிம்பிக் டிரெஸாஜ் குதிரையேற்றத்தில் பெண்கள் முதன்முறையாகக் கலந்துகொண்டது 1952இல், ஹெல்சிங்கியில். அதில் வெள்ளிப் பதக்கம் வென்ற டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல், 1944இல் கருவுற்றிருந்தபோது இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டவர். முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலற்றுப் போயிருந்தன. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டும். 1956இலும் அவருக்கே வெள்ளி. குதிரைவழிச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பதக்கத்திலிருந்துதான் சொல்லப்படுகிறது. நம் பொருளுக்குப் பதக்கத்தைவிட அவர் குதிரையோட்டிய முறை முக்கியமானது. காலால் அழுத்திக் குறிப்புக் கொடுக்க முடியாத நிலையில், முதுகின் அசைவாலும் இருக்கையில் தன் எடையை மாற்றியமைப்பதாலும் ஜூபிலி என்ற குதிரையை அவர் நடத்தினார். சவாரி செய்பவரின் எடை எங்கே விழுகிறது என்பதைக் குதிரை ஒவ்வொரு அடியிலும் கவனிக்கிறது. அந்த எடையைச் சிகிச்சைக்காகக் கூட்டும் பழக்கம் எப்படி வந்தது, அதற்கு அடிப்படை என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஹார்ட்டெலுக்குப் பிந்தைய 20 ஆண்டுகளில் நிறுவனங்கள் எழுந்தன. 1969இல் பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான சவாரிச் சங்கமும், அதே ஆண்டில் வட அமெரிக்கச் சங்கமும் தோன்றின. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளின் இயன்முறை மருத்துவர்கள் வேறு பாதையில் போனார்கள். அவர்களுக்குச் சவாரி கற்றுத் தருவது நோக்கமன்று. குதிரையின் நடையே மருந்து. நடக்கும் குதிரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி வைக்கிறது. ஒவ்வோர் அடியும் மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்பை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் தள்ளி, சற்றே திருப்பியும் விடுகிறது. மனிதன் தானே நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க, கனடியச் சிகிச்சையாளர்கள் ஜெர்மனிக்கே சென்று இதைக் கற்றுத் திரும்பினர். ஹிப்போதெரபி எனப்படும் இம்முறைக்கென 1992இல் அமெரிக்க ஹிப்போதெரபி சங்கம் உருவானது.

இந்தக் கொள்கைக்கு நல்ல சோதனை ஒன்று 2003இல் வெளியானது. மூளை முடக்குவாதமுள்ள 15 குழந்தைகளில் ஒரு பகுதியினர் 8 நிமிடம் குதிரை மேல் அமர்ந்தார்கள்; மற்றவர்கள் அதே 8 நிமிடம் அசையாத பீப்பாய் ஒன்றின் மேல் கால்களை இருபுறமும் போட்டு அமர்ந்தார்கள். உடலின் இருபக்கத் தசைகளும் ஒத்து இயங்குவதில் குதிரை மேல் இருந்தவர்களிடமே தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. ஆக, பலன் கால்களை விரித்து அமர்வதால் வருவதில்லை, அசைவிலிருந்து வருகிறது. எளிய ஏற்பாடுதான் என்றாலும், இத்துறையில் எனக்கு மிகப் பிடித்த ஆய்வு அந்தப் பீப்பாய் ஆய்வே.

அணிபவரின் எடையைக் கூட்டும் எடைச்சட்டை இந்த மரபில் பிறந்தது அல்ல. அதற்கு இரண்டு தாய்வீடுகள் உண்டு. முதலாவது, கலிபோர்னியாவின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் 1972இல் நூலாகத் தந்த புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாடு. தசைக்கும் மூட்டுக்கும் கிடைக்கும் ஆழ்ந்த அழுத்தம் பதற்றத்தைத் தணிக்கும் என்ற எண்ணம் இதையொட்டிப் பரவியது. ஆட்டிசம் உள்ள விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் தமக்காகச் செய்துகொண்ட அழுத்தும் பொறியைப் பற்றி 1992இல் எழுதிய கட்டுரை அந்த எண்ணத்துக்கு வலுவூட்டியது. பள்ளிகளில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் பிள்ளைகளுக்கு எடைச்சட்டை மாட்டத் தொடங்கினார்கள். உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு என்பது வாய்வழி விதியாகவே நிலைத்தது.

இரண்டாவது தாய்வீடு நரம்பியல். சிறுமூளைப் பாதிப்பால் கை நடுங்குவோருக்குக் கையில் எடை கட்டிப் பார்த்த ஆய்வு 1972இலேயே 'பிரெய்ன்' இதழில் வந்தது. அதன் வழித்தோன்றலாக, சிந்தியா கிப்சன்-ஹார்ன் என்ற இயன்முறை மருத்துவர் உடற்பகுதியில் எடை வைக்கும் முறையை உருவாக்கினார். நோயாளியின் தோளையும் இடுப்பையும் மெல்லத் தள்ளி, எந்தப் பக்கம் நிலை குலைகிறது என்று முதலில் கண்டறிய வேண்டும். அதற்கேற்பச் சிறுசிறு எடைகளைச் சட்டையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொருத்த வேண்டும். மொத்தம் உடல் எடையில் 1.5 விழுக்காட்டைத் தாண்டாது. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் உள்ளவர்களின் நடைவேகம் இதனால் கூடியதாக 2009இல் ஓர் ஆய்வு காட்டியது.

இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், கணக்கு வேறு. 30 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு முதல் முறைப்படி 1.5 முதல் 3 கிலோ வரை. இரண்டாம் முறைப்படி 450 கிராமுக்குள். ஒன்று அமைதிப்படுத்த, மற்றது நிலைநிறுத்த. சவாரிக்களத்தில் சட்டையை மாட்டிவிடும்போது எந்தக் காரணத்துக்காக மாட்டுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாவிட்டால், எடைக் கணக்கே தப்பாகிவிடும்.

சான்றுகளும் ஒரே தரத்தில் இல்லை. 2001இல் வந்த இரண்டு சிறிய ஆய்வுகள், ஒன்றில் 4 பிள்ளைகள், மற்றதில் 5 பிள்ளைகள், சட்டை அணிந்தபோது கவனம் கூடியதாகச் சொல்லின. அவ்வளவு சிறிய கூட்டத்தை வைத்து எதையும் உறுதிப்படுத்த முடியாது. 2009இல் ஸ்டீபன்சனும் கார்ட்டரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று முடித்தார்கள். 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியும், புலன்சார் சிகிச்சைகளுக்கான ஆய்வுச் சான்று குறைவு என்பதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுமாறு மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. எடையைக் கவனமின்றிப் பயன்படுத்தினால் ஆபத்தும் உண்டு. 2008இல் கியூபெக்கில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் பள்ளியில் எடைப்போர்வைக்குள் சுற்றப்பட்டு உயிரிழந்தான்.

மேற்சொன்ன எடைச்சட்டை ஆய்வுகள் தரையில் நடந்தவை. குதிரை மேல் நிலைமை வேறு. சவாரி செய்யும் சிறுவனின் பிடிமானம் இடுப்பில். சட்டையின் எடை மார்பிலும் தோளிலும். குதிரை வளைவில் திரும்பும்போது உடல் ஒரு பக்கம் சாய்ந்தால், சட்டையின் 3 கிலோவும் சேர்ந்து அந்தப் பக்கமே இழுக்கும். இருபுறமும் நடந்துவரும் துணையாளர்கள் தொடையில் கைவைத்துத் தாங்குகிறார்கள். குதிரை மிரண்டால் பிள்ளையைத் தூக்கி இறக்க வேண்டியவர்களும் அவர்களே. சட்டையின் பட்டையோ எடைப் பையோ சேணக் கைப்பிடியில் சிக்கினால் அந்த நொடியில் நேரம் இராது. ஒட்டுப்பட்டையால் மூடி, ஒரே இழுப்பில் கழற்றும்படியான சட்டையாக இல்லாவிட்டால் அதைக் களத்துக்குள் கொண்டுவரவே கூடாது என்பது என் கருத்து. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்ந்திருக்கும். தோளில் எடை ஏற்றும் யோசனைக்கு முன்னரே, அவர்கள் குதிரை ஏறலாமா என்பதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. தசைக்கும் மூட்டுக்கும் ஆழ்ந்த உணர்வைத் தருவதுதான் நோக்கம் என்றால், அதைக் குதிரையே தருகிறதே. நீண்ட அடி வைக்கும் குதிரையைத் தேர்ந்தெடுப்பது, நடையை நிறுத்தி மீண்டும் தொடங்குவது, வட்டத்தின் அளவைக் குறைப்பது என்று அசைவைக் கூட்டவும் குறைக்கவும் சிகிச்சையாளரிடம் வழிகள் உண்டு. அந்த வழிகளைப் பார்த்துவிட்டே சட்டைக்குப் போவது முறை.

பெரியவர்களிடம் இன்னொரு கணக்கும் சேரும். குதிரை தன் எடையில் 20 விழுக்காடு வரை சுமக்கலாம் என்பது அமெரிக்கக் குதிரைப்படையின் பழைய விதி. 2008இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வொன்று 8 குதிரைகளை வைத்துச் சோதித்தபோது, சுமை 25, 30 விழுக்காட்டை எட்டியதும் தசைவலியின் அறிகுறிகள் தென்பட்டன. 400 கிலோ குதிரைக்கு 20 விழுக்காடு என்றால் 80 கிலோ. சவாரி செய்பவர் 65 கிலோ, சேணமும் மற்றவையும் 10 கிலோ என்று வைத்துக்கொண்டால் 75 ஆகிறது. அவருக்கு 10 விழுக்காட்டுச் சட்டையை மாட்டினால் மொத்தம் 81.5 கிலோ, விதியின் எல்லை தாண்டிவிட்டது. 1.5 விழுக்காட்டுச் சட்டையானால் 76 கிலோவில் நிற்கும்.