குளக்கட்டும் ஊர்ப்பங்கும்

துணுக்காய்ப் பகுதியின் ஊர்ப்பெயர்களைக் கேட்ட அளவிலேயே அந்நிலத்தின் வரலாறு ஒருவாறு புலனாகும். தென்னியன்குளம், ஆலங்குளம், உயிலங்குளம், கோட்டைகட்டியகுளம், அம்பலப்பெருமாள்குளம் என, குளத்தின் பெயரே அங்கு ஊரின் பெயராக வழங்குகின்றது. வன்னிக்கு மழை தருவது பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றே. ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் நீரைத் தேக்கி வைத்தால் ஆண்டு முழுவதும் வாழலாம். தேக்கத் தவறினால் சித்திரை வெயிலில் மாட்டுக்கும் நீர் கிடையாது. ஆதலால் வன்னி மக்கள் முதலிற் குளத்தைக் கட்டினர். அதன் கீழ் வயலைத் திருத்தினர். அதன் பின்னரே வீட்டைக் கட்டினர். குளம் உடைந்தால் ஊரும் கலைந்தது.

குளத்தைக் கட்டியவர் மன்னராகவோ வன்னியராகவோ இருக்கலாம். ஆனால், ஆண்டுதோறும் அதனைக் காத்தவர் யார்? மழை கட்டைக் கரைக்கின்றது. மாடுகள் மிதித்துச் சரிக்கின்றன. எலியும் நண்டும் வளை தோண்டுகின்றன. மரத்தின் வேர் மண்ணைப் பிளக்கின்றது. ஒரு விரல் நுழையும் துவாரத்தின் வழியே கசியத் தொடங்கும் நீர், ஓர் இரவுக்குள் கட்டை அறுத்துவிடக்கூடும். இத்தகைய காவலுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வசதி எந்தச் சிற்றூருக்கும் இருந்ததில்லை. அதற்கு ஊரவர் கண்ட வழியே பங்கு முறையாகும்.

அம்முறையின் அடிப்படை மிக எளியது. குளத்தின் நீரால் எவருக்கு எவ்வளவு வயல் விளைகின்றதோ, அந்த அளவுக்கு அவர் குளத்திற்குக் கடமைப்பட்டவர். குளக்கட்டின் நீளத்தை வயற்பங்குகளுக்கு ஏற்பப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு என்று குறித்துவிடுவர். நான்கு பங்கு வயல் உடையவர் நான்கு பங்கு கட்டுக்குப் பொறுப்பாளர். ஒரு பங்கு உடையவர் ஒரு பங்குக்குப் பொறுப்பாளர். மழைக்கு முன்னர் பற்றைகளை வெட்டி, வளைகளை அடைத்து, கரைந்த இடத்திற்கு மண் போட்டு, துருசையும் வாய்க்காலையும் துப்புரவு செய்ய வேண்டும். வயலைச் சுற்றிய வேலிக்கும் அதுவே முறை. ஒருவர் தமது கூற்றை அடைக்காது விட்டு, அவ்வழியே மாடு புகுந்து பயிரை அழித்தால், அந்த நட்டத்திற்கு அவரே பதில் சொல்ல வேண்டும்.

இது ஒருவகைச் சந்தாவே. ஆயின், பணத்தால் அன்று, மண்வெட்டியால் செலுத்தப்பட்ட சந்தா. வேலைக்கு வர இயலாதவர் தமக்குப் பதிலாக வேறோர் ஆளை அனுப்பலாம். அனுப்பவும் இல்லையெனில், பிறரைக் கொண்டு வேலையை முடித்து, அதன் கூலியை அவரிடமிருந்து அறவிட்டனர். இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்யும் தலைவர் ஒருவர் இருந்தார். சிங்களக் கிராமங்களில் அவருக்கு ‘வெல் விதானை’ என்று பெயர். வயலுக்குரிய விதானை என்பது அதன் பொருள். அவருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கவில்லை. கமக்காரர் தத்தம் விளைச்சலில் ஒரு சிறு பகுதியை அளந்து கொடுத்தனர்.

இத்தகைய ஏற்பாடு வன்னிக்கு மட்டும் உரியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. தமிழகத்தில் ஊரவர் கூடி ஏரியையும் வாய்க்காலையும் பேணிய வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது.

இனி, இவ்வழக்கத்திற்கு நேர்ந்த ஒரு பெரும் சோதனையை நோக்குவோம். இலங்கையில் மன்னர் ஆட்சிக் காலத்தில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் நிலவியது. நிலத்தை அனுபவிப்போர் தத்தம் சாதிக்கும் நிலைக்கும் ஏற்ப அரசனுக்கு வேலை செய்யக் கடமைப்பட்டிருந்தனர். ஒல்லாந்தர் காலத்தில் தமிழ்ப் பகுதிகளிலும் ‘ஊழியம்’ என்ற பெயரால் இத்தகைய வேலை வாங்கப்பட்டது. ஆங்கிலேயரும் அதனைக் கைவிட்டாரல்லர். 1820களில் தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் அமைத்த கொழும்பு - கண்டி வீதி, இராசகாரிய உழைப்பால் உருவானதே. மக்கள் தம் வயலை விட்டுத் தொலைவிலுள்ள மலையை உடைக்கச் சென்றனர். அந்த வீதியால் அவர்களுக்கு உடனடிப் பயன் யாதும் இல்லை.

கோல்புறூக், கமரன் ஆகியோரின் விசாரணையைத் தொடர்ந்து 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. ஒழிய வேண்டியதே ஒழிந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், களையைப் பிடுங்கியபோது பயிரும் சேர்ந்து வந்துவிட்டது. அரசனுக்காகச் செய்த வேலையும், தம் குளத்திற்காக ஊரவர் தாமே செய்துகொண்ட வேலையும் புதிய சட்டத்தின் பார்வையில் ஒன்றாகவே தோன்றின. பங்கு வேலைக்கு வர மறுப்பவரை வற்புறுத்தும் அதிகாரம் எவருக்கும் இல்லாமற் போயிற்று. பத்துப் பேரில் இருவர் வராதுவிட்டால், எஞ்சிய எண்மரும், “நாம் மட்டும் ஏன் செய்ய வேண்டும்?” என்று கேட்பது இயல்பு. எண்மரின் கட்டு உறுதியாக இருந்து இருவரின் கட்டு உடைந்தாலும், வெளியேறும் நீர் பத்துப் பேருக்கும் உரியதல்லவா? இவ்வாறு பல குளங்கள் பேணுவாரின்றிப் பாழடைந்தன. 1803ஆம் ஆண்டில் பண்டாரவன்னியன் தோல்வியுற்றதன் பின்னர் தலைமையை இழந்திருந்த வன்னிக்கு, இது மற்றுமோர் இடியாயிற்று.

இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே இத்தவறு உணரப்பட்டது. தேசாதிபதி சேர் ஹென்றி உவாட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. நெற்செய்கை பற்றிய பண்டைய வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்துவதே அதன் நோக்கமாகும். நிலக்காரர் ஒன்றுகூடி இணங்கினால், பழைய வழக்கம் அவ்வூருக்குச் சட்டமாகும். நீர்ப் பிணக்குகளை ஊரவரே கூடியிருந்து தீர்க்கலாம். வழக்கத்தை அரசாங்கம் உண்டாக்கவில்லை. மக்களிடம் இருந்ததையே ஏற்றுக்கொண்டது. பின்னர் தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி காலத்தில் (1872–1877) வடமத்திய மாகாணத்தில் ஓர் உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. ஊரவர் கூலியின்றி மண் வேலையைச் செய்து முடித்தால், அரசாங்கம் துருசை அமைத்துக் கொடுக்கும். உழைப்பை ஊரும், பொருளை அரசும் கொடுத்ததால் பல சிறு குளங்கள் மீண்டும் நீர் நிறைந்து நின்றன.

1900ஆம் ஆண்டில் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. பெருங்குளங்கள் அதன் பொறுப்பாயின. துணுக்காய்க்கு அண்மையில் பாலியாற்றை மறித்து நிற்கும் வவுனிக்குளம் அத்தகையது. அதன் தொன்மையைப் பொறியியலாளர் எச். பாக்கர் 1909இல் வெளியான தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். காடு மூடிக் கிடந்த அக்குளம், இலங்கை விடுதலை பெற்ற பின்னர் மீளக் கட்டப்பட்டு, அதன் கீழ்க் குடியேற்றமும் அமைந்தது. பெருங்குளத்தின் கட்டை அரசாங்கம் காத்தாலும், வயலுக்குள் ஓடும் சிறு வாய்க்காலைக் கமக்காரரே துப்புரவு செய்ய வேண்டியிருந்தது. பங்கு வேலை அங்கும் மறையவில்லை.

1958ஆம் ஆண்டில், அமைச்சர் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் பழைய விதானை முறையை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. அதுவரை ஒரு கேள்விக்கு நேரிய விடை கிடைத்திருக்கவில்லை: கட்டு வேலையைச் செய்யும் குத்தகைக்காரனுக்குக் கூட்டத்தில் குரல் உண்டா? நிலச்சொந்தக்காரர் மட்டுமன்றி நிலத்தில் இறங்கி உழைப்போரும் அக்குழுவைத் தெரிவுசெய்யும் உரிமை பெற்றமை, பங்கு முறையின் நெடுநாட் குறையொன்றைத் தீர்க்க எடுத்த முயற்சியாகும். அதே ஆண்டிலேயே ஏ. ரி. ஆரியரத்தினாவின் சர்வோதய இயக்கமும் தொடங்கிச் சிரமதானம் என்னும் சொல்லை நாடெங்கும் பரப்பியது. தானம் என்பது விரும்பிக் கொடுப்பது. பங்கு என்பது கொடுத்தே தீர வேண்டியது. இரண்டும் உழைப்பே எனினும் இரண்டும் ஒன்றல்ல. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்கும் கமக்கார அமைப்புகளில் அவ்விரண்டும் கலந்தே காணப்படுகின்றன.

2008ஆம் ஆண்டில் போர் துணுக்காயை அடைந்தபோது மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தனர். 2009ஆம் ஆண்டின் இறுதியில் மீள்குடியேற்றம் தொடங்கியது. பேணுவாரற்ற குளத்தில் மழை தன் வேலையை நிறுத்துவதில்லை. பற்றையும் வளையும் பெருகுகின்றன. திரும்பி வருபவருக்கு வீட்டைப் போலவே குளக்கட்டும் முதல் வேலையாகின்றது.

இன்று மண்ணள்ள இயந்திரம் உண்டு. பணம் செலுத்திக் கடமையை முடித்துக்கொள்ளவும் முடிகின்றது. தொலைவில் வாழும் நிலக்காரருக்கு வேறு வழியும் இல்லை. ஆயினும் இயந்திரம் ஆண்டில் ஒரு நாள் வந்து போகும். எலி வளையைக் கண்டுபிடிப்பவர், அடைமழை இரவில் விளக்கோடு கட்டின்மேல் நடந்து செல்பவரே. அந்தக் கட்டில் தமக்கும் ஒரு கூறு உண்டு என்று அறிந்தவரே அவ்வாறு நடப்பார். அரசனுக்காகச் செய்த ஊழியம் சட்டத்தால் ஒழிந்தது, அது நன்றே. தம் குளத்திற்காகச் செய்த ஊழியமோ, சட்டம் கைவிட்ட காலத்திலும் முற்றாக அழியாது நின்று, பின்னர் சட்டத்தையே தன் வழிக்குத் திருப்பியது. வன்னியின் சிறு குளங்கள் இன்றும் நீர் தாங்கி நிற்பதற்கு அதுவே காரணம்.