கதைசொல்லி இல்லாத ஓநாய்: ஓர் அசைவூட்டப் படமும் சிம்பொனி அறிமுகமும்

சூசி டெம்பிள்டன் இயக்கிய ‘பீட்டரும் ஓநாயும்’ (2006) நல்ல படம்தான், ஆனால் அதைக் குழந்தைகளுக்கான இசை அறிமுகமாகக் கொள்ள முடியாது என்றொரு கருத்து ஆய்வாளர் சிலரிடம் உண்டு. இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் 1936இல் மாஸ்கோவின் மத்தியக் குழந்தைகள் அரங்குக்காக இயற்றிய மூலப் படைப்பில் பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பசூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள் என்று முதலிலேயே சொல்லிக்கொடுப்பவர் கதைசொல்லி. டிஸ்னி 1946இல் எடுத்த படமும் அவரை விட்டுவிடவில்லை. டெம்பிள்டனோ கதைசொல்லியை மட்டுமல்ல, உரையாடலையே அடியோடு நீக்கிவிட்டார். கருவியின் பெயரைச் சொல்லாத படம் எதை அறிமுகப்படுத்தும் என்பது இக்கருத்தினரின் கேள்வி. கதைசொல்லி நீங்கிய இடத்தில்தான் அறிமுகம் உண்மையாக நடக்கிறது என்பது என் வாதம்.

இசைப்பிரதியின் ஓரிடத்தை நெருங்கிப் பார்க்கலாம். பூனையின் மெட்டு கிளாரினெட்டின் தாழ்ந்த சுரங்களில், ஒவ்வொன்றும் தனித்தனியாக வெட்டி ஒலிக்கும்படி அமைந்தது. பதுங்கி வரும் நடை அது. ஓநாய் காட்டிலிருந்து வெளிப்பட்டதும் அதே கிளாரினெட் அடித்தளத்திலிருந்து கிளம்பி, தடுமாறி, மூச்சிரைக்க மேல் சுரங்களுக்கு ஓடுகிறது. ஒரே கருவிக்குள் இவ்வளவு உயரம் இருக்கிறது என்பதைக் கேட்பவர் உணரும் இடம் இது. கதைசொல்லி உள்ள வடிவத்தில் பூனை மரத்தில் ஏறிவிட்ட செய்தி முதலில் சொல்லப்படுகிறது; இசை பின்னால் வந்து அதை உறுதிசெய்கிறது. குழந்தைக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டபின் கிளாரினெட்டுக்கு மிச்சமிருப்பது ஆமோதிக்கும் வேலை மட்டுமே. ஏறக்குறைய படைப்பு முழுவதிலும் இந்த வரிசை மாறுவதில்லை: சொல் முந்துகிறது, சுரம் பிந்துகிறது. டெம்பிள்டனின் படத்தில் அந்த வாக்கியம் இல்லை. பொம்மைப் பூனையின் முகமும் உடலும் பேசுகின்றன. ஆனால் அந்த ஏற்றத்தின் அவசரத்தையும் அச்சத்தையும் சொற்களின் துணையின்றிச் சுமப்பது கிளாரினெட். செய்தி கருவியிடமிருந்தே வருவதால் காது அதைப் பின்தொடர்ந்தாக வேண்டியிருக்கிறது.

படம் என்ற அளவில் காட்சியும் செய்தியைச் சொல்லிவிடுகிறதே, சொல்லின் இடத்தைப் படம் பிடித்துக்கொண்டது என்பதைத் தவிர வேறென்ன மாற்றம் என்று கேட்கலாம். வலுவான ஆட்சேபம்தான். ஆனால் சொல்லும் காட்சியும் காதை ஒரே விதமாகப் பாதிப்பதில்லை. கதைசொல்லியின் குரல் ஒலி. இசை நுழைய வேண்டிய வாசலிலேயே அது நிற்கிறது. டிஸ்னி படத்தில் கதைசொல்லியான ஸ்டெர்லிங் ஹாலோவேயின் குரல் பல இடங்களில் இசையின் மேலேயே ஏறிப் பேசுகிறது. அங்கே குழந்தை கவனிப்பது குரலைத்தான். காட்சி கண்ணுக்குரியது. அது காதைக் காலியாக விட்டுவைக்கிறது. டெம்பிள்டன் இந்தக் காலியிடத்தைத் தெரிந்தே பெருக்கியிருக்கிறார் என்று கருத இடமுண்டு. படம் தொடங்கிச் சில நிமிடங்கள் வரை இசையே இல்லை. இசை வந்தபின்னும் நீண்ட மௌனங்கள் இடையிடையே வருகின்றன. இப்படம் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நேரடி இசையோடு முதன்முதலாகத் திரையிடப்பட்டது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அத்தகைய திரையிடலில் அந்த மௌனங்கள் முழு இசைக்குழுவும் வில்லையும் குழலையும் தாழ்த்திக் காத்திருக்கும் நேரங்கள். திரை கண்ணை இழுத்துக்கொள்வதால் வாத்தியக்காரர்கள் மறைந்துபோகிறார்கள் என்ற குறை, இடைவிடாமல் இசை ஓடும் படங்களுக்குப் பொருந்தலாம். இசை நின்று மறுபடி தொடங்கும்போது ஒலி எங்கிருந்து வருகிறது என்று தேடாத குழந்தை அரிது.

உரையை எழுதியவரே புரோகோஃபியெவ் என்பதால் அதை நீக்குவது ஆசிரியர் நோக்கத்துக்கு முரண் என்ற வாதத்தில் எனக்கு அதிக நாட்டமில்லை. 1938இல் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் ‘அலெக்சாந்தர் நெவ்ஸ்கி’ படத்துக்கு இசையமைத்து, காட்சியும் இசையும் நேருக்கு நேர் நிற்கும் கலையில் தேர்ந்தவர் அவர். அதே ஆண்டு அமெரிக்கா சென்றபோது இந்தப் படைப்பை டிஸ்னிக்குப் பியானோவில் வாசித்தும் காட்டினார். இவை சான்றுகள் ஆகா, குறிப்புகள்தான். உறுதியான சான்று அவரது உரையின் முடிவில் இருக்கிறது. கூர்ந்து கேட்டால் ஓநாயின் வயிற்றுக்குள் வாத்து கத்துவது கேட்கும் என்று கதைசொல்லி சொல்ல, ஓபோ மறுபடி ஒலிக்கிறது. கேட்கும்படி கதைசொல்லியே சொல்லும் இந்த இடத்தில் அரங்கிலுள்ள குழந்தைக்குப் பயன்படுவது ஓபோ என்ற பெயர் அன்று, அந்தக் கருவியின் குரல் வாத்தினுடையது என்ற நினைவு. அந்த நினைவு முதல் நிமிடப் பாடத்தில் பதிந்ததா, குளத்தருகே புல்லாங்குழலோடு ஓபோ போட்ட சண்டையில் பதிந்ததா? சண்டையில்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. பெயர்களை எப்போது வேண்டுமானாலும் கற்பிக்கலாம். குடும்பங்களுக்கான நிகழ்ச்சிகளில் இப்படத்துக்கு முன்னுரையாகக் கருவி விளக்கத்தை வைப்பதைவிட, படம் முடிந்தபின் ஓபோக்காரரைத் தனியே வாசிக்கச் சொல்லி, இது யாருடைய குரல் என்று குழந்தைகளிடம் கேட்பதே இந்த வாதத்திலிருந்து பிறக்கும் நடைமுறை.