மண்டபம் முகாமும் தற்கொலைத் தடுப்பும்: பக்கத்து வீட்டாரின் பங்கு

தற்கொலையைத் தனி ஒருவரின் மனநோயாக மட்டும் பார்ப்பது மருத்துவத்திலும் உண்டு, ஊர்ப்பேச்சிலும் உண்டு. தமிழ்நாட்டுக் கடற்கரையில் உள்ள மண்டபம் முகாமுக்கு அந்தப் பார்வை போதாது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளரை மருத்துவச் சோதனைக்காக நிறுத்திவைத்த முகாம் இது. 1983க்குப் பிறகு அதே இலங்கையிலிருந்து வந்த அகதிகள் இங்கே தங்கினார்கள். 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. போரில் பட்ட இழப்பு, கடன், குடி, வீட்டுச் சண்டை, இவற்றோடு எதிர்காலம் பிடிபடாத காத்திருப்பும் சேரும்போது ஆபத்து கூடுகிறது. எந்தத் தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் இல்லை. 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. நாடு முழுவதற்குமான அதன் காரணப் பட்டியலில் முதலிடம் 'குடும்பப் பிரச்சினை'க்கு. அந்த இரண்டு சொற்களுக்குள் எவ்வளவோ துயரம் மறைந்துபோகிறது.

உதவி தேடத் தயங்குவதற்கு இந்தக் கரையில் ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. இதே மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்தார்கள். மனநல சிகிச்சை என்றாலே அடைத்துவைப்பார்கள் என்று அஞ்சுபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. மாறாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 115ஆம் பிரிவு. இது எல்லா வீடுகளுக்கும் தெரிந்தாக வேண்டும். போலீசுக்குப் பயந்து முயற்சியை மறைக்கும் குடும்பம் சிகிச்சையையும் இழக்கிறது. முன்பு முயன்றவருக்கே ஆபத்து மிக அதிகம்.

இந்தத் தயக்கத்தைத் தாண்டி உதவி சேர்க்க முடியும் என்று ஓர் ஆய்வு காட்டியது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர். தமிழ்நாட்டின் இலங்கை அகதிகள் முகாம்கள் இரண்டை ஒப்பிட்டு அவரும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஒரு முகாமில், அகதிகளிலிருந்தே தேர்ந்து பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் ஆபத்தில் இருந்தவர்களைத் தொடர்ந்து சந்தித்தார்கள். நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது, என்ன செய்வது என்று அவர்களோடு சேர்ந்து அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே தற்கொலை நடத்தைகள் குறைந்தன.

டாக்டர் செய்ய வேண்டியதைப் பக்கத்து வீட்டார் செய்யலாமா என்ற ஆட்சேபம் எழும். மருந்து கொடுப்பது அவர்கள் வேலையல்ல. ஆனால் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொள்வதையும், தூக்கம் கெடுவதையும், 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்று சொல்வதையும் முதலில் அறிபவர்கள் அவர்களே. 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்டபின் தனியே விடாமல் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அழைத்துப்போவதும் அவர்களால் முடியும். மண்டபம் முகாமில் இத்தகைய தன்னார்வலர்களை ஊதியத்தோடு அரசு நியமிக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ அந்த எண்ணம் இருந்தால் இப்போதே 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.