கசப்புக் கனி

பாடியவரின் பெயரோடு பாடல் ஒட்டிக்கொள்ள, எழுதியவர் மறைந்துபோவது எந்நாட்டுக்கும் பொதுவான வழக்கம். ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ என்னும் அமெரிக்கப் பாடல் பில்லி ஹாலிடேயின் பாடலாகவே உலகெங்கும் அறியப்படுகிறது. அதனை இயற்றியவரோ நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் ஆங்கிலம் கற்பித்த பள்ளி ஆசிரியர் ஏபல் மீரோபோல்.

1930 ஆகஸ்டு 7ஆம் நாளிரவு, இந்தியானா மாநிலத்து மேரியன் நகரில், சிறையிலிருந்த தாமஸ் ஷிப், ஏப்ரம் ஸ்மித் என்னும் இரு கறுப்பின இளைஞர்களை வெள்ளையர் கும்பல் வெளியே இழுத்துவந்து அடித்து மரத்தில் தொங்கவிட்டது. லாரன்ஸ் பைட்லர் என்பவர் அதனைப் படமெடுத்தார். மரத்தடியில் கூடிநின்றோர் சிலர் முகத்தில் புன்னகை! அப்படத்தின் பிரதிகள் நினைவுப்பொருளாக ஆயிரக்கணக்கில் விலைபோயின. இத்தகைய படமொன்றைக் கண்ட மீரோபோல் நாட்கணக்கில் அமைதியிழந்தார். அது மேரியன் படமே என்பர் பலர்.

அதன் விளைவாகப் பிறந்த கவிதை, ‘கசப்புக் கனி’ என்னும் பொருள்தரும் தலைப்பில், 1937இல் ஆசிரியர் சங்க இதழான ‘தி நியூயார்க் டீச்ச’ரில் வெளிவந்தது. பன்னிரண்டே அடிகள். கொன்றவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தென்னகத்தின் எழிலையும் மலர்மணத்தையும் காட்டி, அவற்றினூடே மரத்தில் தொங்கும் பிணத்தைக் கனியாக்கி, அந்த ஒரே உருவகத்தை இறுதிச் சொல்வரை நெகிழவிடாமல் கொண்டுசெல்கிறார் கவிஞர். சினத்தை அடக்கியதாலேயே கவிதை சுடுகிறது.

இசையும் அவருடையதே. அவர் மனைவி ஆன் உட்படச் சிலர் கூட்டங்களில் பாடிவந்ததை, 1939இல் இருவினத்தாரும் சமமாக அமர்ந்த ‘கஃபே சொசைட்டி’ விடுதியில் பில்லி ஹாலிடே பாடத் தொடங்கினார். பணியாளர்கள் பரிமாறுவதை நிறுத்துவர், விளக்குகள் அணையும், பாடகியின் முகத்தில் மட்டும் ஒளி விழும். நிகழ்ச்சியின் இறுதிப் பாடல் அதுவே, மீண்டும் பாடுவதில்லை. 1937இல் இறந்த தம் தந்தைக்கு இனவேற்றுமையால் தக்க சிகிச்சை கிட்டவில்லை என்று நம்பிய அவருக்கு, அது தம் வீட்டுத் துயரமாகவும் இருந்தது. கொலம்பியா நிறுவனம் பதிவுசெய்யத் தயங்கியது. கொமடோர் என்னும் சிறு நிறுவனம் 1939 ஏப்ரல் 20இல் இசைத்தட்டாக்கியது.

1956இல் வெளிவந்த ஹாலிடேயின் தன்வரலாறு, கவிதைக்கு இசையமைத்ததில் அவருக்கும் பங்குண்டு என்றது. மீரோபோல் மறுத்தார், மறுக்கவும் வேண்டியிருந்தது. பாடகியின் பெருமைக்கு அதனால் குறைவில்லை, உயிர்ப்பித்தவர் அவர்தாம். ஆயினும், 1940களின் தொடக்கத்தில் சட்டமன்ற விசாரணைக் குழுவின்முன் நிறுத்தப்பட்டு, ‘இப்பாடலுக்குக் கம்யூனிஸ்டுக் கட்சி பணம் தந்ததா’ என்னும் கேள்விக்கு விடையளித்தவர் மீரோபோலே.

1953இல் மரணதண்டனைக்குள்ளான ரோசன்பர்க் தம்பதியரின் இரு புதல்வர்களையும் பின்னர் அவரும் ஆனும் தத்தெடுத்து வளர்த்தனர். பாடலாசிரியராக அவர் பூண்டிருந்த புனைபெயர் லூயிஸ் ஆலன். பிறக்கும்போதே இறந்த தம் இரு குழந்தைகளின் பெயர்கள் அவை.