சமயக் கல்வியும் இல்லத்தில் பெண்ணின் கடமைகளும்

தமிழ்ப் பெண்களுக்கு வீட்டிலும் பள்ளியிலும் தரப்பட்ட சமயப் பயிற்சி, மனைவி, தாய் என்னும் பொறுப்புகளை வகுத்த வரலாறு இது. பள்ளிகள் வருமுன் இக்கல்வி அடுப்பங்கரையிலும் பூசை மாடத்திலும் நடந்தது. கற்பித்தவர் பாட்டியோ மாமியாரோ. ஔவையார் நோன்பு இதற்குத் தெளிவான சான்று. செவ்வாய்க்கிழமை இரவில் பெண்கள் மட்டும் கூடி, உப்பில்லாத கொழுக்கட்டைகளைப் பல உருவங்களில் பிடித்துப் படைத்து, கதை கேட்டு, விடியுமுன் உண்டு முடிப்பார்கள். ஆண் குழந்தைகூட அந்தப் பலகாரத்தைப் பார்க்கலாகாது. நோன்பின் பயன் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. அதை நடத்தும் அதிகாரமோ முழுக்கப் பெண்களுடையது.

பள்ளிகள் இந்த அதிகாரத்தை அச்சிட்ட நூலுக்கு மாற்றின. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824இல் தொடங்கிய விடுதிப் பள்ளியில் விவிலியமும் தையலும் பாடங்கள். பெற்றோர் தயங்கவே, படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனம் தருவதாக மிஷனே வாக்களித்தது. அதே மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த இளைஞருக்கு ஏற்ற மனைவியரை உருவாக்குவதே நோக்கம். இதே நோக்கம் சைவ உருவில் 1913இல் மருதனார்மடத்தில் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய மகளிர் பள்ளியிலும் உண்டு. ஆனால் நல்ல மனைவியை உருவாக்கப் புறப்பட்ட ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நெருக்கடி காத்திருந்தது: வயதுவந்த பெண்களுக்கு ஆண் ஆசிரியர் கற்பிப்பதை வீடுகள் ஏற்கவில்லை, ஆகவே சம்பளம் வாங்கும் பெண் தேவைப்பட்டார். உடுவிலைச் சுமார் 40 ஆண்டுகள் நடத்திய எலைசா அக்னியூ திருமணமே செய்துகொள்ளாதவர். இல்லறத்தில் இடம் மறுக்கப்பட்ட இளம் விதவைகளுக்குச் சென்னையில் 1912இல் இல்லம் தொடங்கிய சகோதரி சுப்பலட்சுமி, அவர்களை ஆசிரியைகளாக்கினார். இன்று இஸ்லாமியச் சமயக் கல்வி தரும் பெண்கள் அரபிக் கல்லூரிகளில் ஆலிமா (மார்க்க அறிஞர்) பட்டம் பெறுவோரில் பலரும் கற்பிக்கச் செல்கிறார்கள். இல்லத்தரசிக்கான பாடமே இல்லத்துக்கு வெளியே முதல் மதிப்பான வேலையைப் பெற்றுத் தந்தது.

இது படித்த வகுப்பாரின் கதை மட்டுமே என்று மறுக்கலாம். கல்வராயன் மலையை ஒட்டிய சங்கராபுரம் வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் அந்த மறுப்பில் நியாயம் உண்டு. நடவும் களையெடுப்பும் கூலியும் பெண்களை என்றும் வெளியில்தான் வைத்திருந்தன. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகளிடம் சாமைக் கொல்லையும் கடுக்காய் பொறுக்குதலும் பெண்ணுழைப்பின்றி நடவா. அங்கே மரபு மாப்பிள்ளை வீட்டார் பரிசம் தருவதே. உடுவிலில் பெண்ணைப் படிக்கவைக்கச் சீதனம் வேண்டியிருந்தது. மலையில் அவள் உழைப்புக்கே விலை இருந்தது. ஆகவே ‘வீட்டோடு இருப்பவள்’ என்பது எல்லாத் தமிழர்க்கும் பொதுவான பழைமையன்று. ஆனால் பள்ளிப் பாடமாகப் பரவியது படித்த வகுப்பாரின் அந்த இலட்சியமே என்பதால், உழைக்கும் பெண்களும் அதே அளவுகோலால் அளக்கப்பட்டார்கள். சங்கராபுரம் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காட்டில் இதற்கு மாற்று முயற்சியும் நடந்தது: டேனிஷ் மிஷனரியாக 1909இல் வந்த ஆன் மேரி பீட்டர்சன், பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் என்னும் பெண்கள் பள்ளியை நிறுவினார், அதற்கு 1921இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். தாய்மொழிக் கல்வியோடு நூற்பும் அங்கே சேர்ந்தது.

ஆசிரியை வேலையால் வீட்டுக்குள் எதுவும் மாறவில்லை என்பது இரண்டாவது மறுப்பு. சம்பளம் வாங்கியவரும் திரும்பிவந்து அடுப்பு மூட்டினார் என்பது உண்மைதான். காரணம், இப்பள்ளிகள் திருத்தியது பெண்ணின் பாடத்தை மட்டுமே. 1937இல் வார்தாவில் உருவான காந்தியடிகளின் ஆதாரக் கல்வி துப்புரவையும் கைத்தொழிலையும் இருபாலார்க்கும் பொதுவாக்கியது. சமயப் பள்ளிகள் பெரும்பாலும் அதைத் தம் நெறியாக ஏற்கவில்லை. சமயக் கல்வி பெண்ணுக்கு வெளியே வழி திறந்தது. ஆணை அடுப்பங்கரைக்குள் அழைக்கவில்லை. வீட்டுக் கடமைகளின் பங்கீடு மாறவேண்டுமானால், திருத்தவேண்டியது இனி ஆண்பிள்ளைகளின் பாடமே.