போர்க்காலச் சிங்கையில் திரைப்படம்

1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள். சிங்கையில் ஆங்கிலேயர் சரணடைய இசைந்தமைக்கு அடையாளமாக ஜப்பானியக் கொடி ஏற்றப்பட்ட இடம் கோட்டையுமன்று, ஆளுநர் மாளிகையுமன்று. கேத்தே என்னும் திரையரங்கக் கட்டடமே. அந்நாளில் இத்தீவில் அதனினும் உயர்ந்த கட்டடம் இல்லை. 1939ஆம் ஆண்டு அக்டோபரில், ஐரோப்பாவில் போர் மூண்டு ஒரு திங்கள் கழிந்த நிலையில், குளிரூட்டப்பட்ட அவ்வரங்கு திறக்கப்பட்டபோது முதலிற் காட்டப்பட்டது, சூடானில் ஆங்கிலப் படை பெற்ற வெற்றியைப் போற்றும் ‘நான்கு இறகுகள்’ என்னும் படமாகும்.

போர்க்காலத்தில் மக்களின் மன உறுதியைக் காக்கத் திரைப்படம் உதவும் என்பதை எல்லா அரசுகளும் உணர்ந்திருந்தன. போர் அறிவித்தபோது குண்டுவீச்சுக்கு அஞ்சித் திரையரங்குகளை மூடிய இலண்டன் அரசே சில வாரங்களில் அவற்றைத் திறந்துவிட்டது. ஜப்பானியரும் இக்கருவியை நன்கறிந்தவர்களே. முத்துத் துறைமுகத் தாக்குதலின் முதலாண்டு நிறைவையொட்டி, 1942இல் ‘ஹவாய், மலாயா கடற்போர்’ என்னும் படத்தை வெளியிட்டனர். பின்னாளில் ‘காட்சில்லா’ பூதத்தைத் திரையில் உலவவிட்ட சுபுராயாவே, சிறு மாதிரிகளைக் கொண்டு அப்படத்தின் போர்க்காட்சிகளை அமைத்தார். வென்றவர்க்கு இவை ஊக்கமளித்திருக்கும். வெல்லப்பட்டவர்க்கு? அரிசியின்றி மரவள்ளிக்கிழங்கைத் தின்று, வாழைமரம் அச்சிட்ட பணத்தாளைக் கட்டுக்கட்டாகச் சுமந்த மக்களுக்கு, அயலார் மொழியில் அயலார் வெற்றியைக் காட்டி எந்த உறுதியை ஊட்ட இயலும்?

அதனினும் கொடிய செய்தி ஒன்றுண்டு. சயாம் மரண இரயில்பாதைக்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோது, மலாயாவில் இலவசப் படக்காட்சி என்று அறிவித்து மக்களை வரவழைத்து, அரங்கு நிரம்பியதும் கதவுகளை அடைத்து, உடல்வலிமை உடைய ஆடவரைப் பிடித்துச் சென்றனர் என்பது அக்காலத்தில் வாழ்ந்தோர் பலரின் வாக்குமூலம். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் 70,000 பேருக்கும் மேலாவர். பெரும்பான்மையோர் இரப்பர்த் தோட்டத் தமிழர். திரும்பாதவர் எத்தனை ஆயிரவர்! மக்களை மகிழ்விக்க வந்த கலையே அவர்களைப் பிடிக்கும் கண்ணியாயிற்று.

கேத்தே அரங்கிலேயே தமிழர் உள்ளம் கிளர்ந்ததும் உண்டு. ஆனால் அது திரையினால் அன்று. 1943 ஜூலை 4ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் இந்திய விடுதலை இயக்கத் தலைமையை ஏற்றதும், அக்டோபர் 21இல் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்ததும் அங்கேதான். தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் ஜான்சிராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினர். அவ்வெழுச்சியைப் படமாக்கவே 1943இல் யசுஜிரோ ஓசு என்னும் புகழ்பெற்ற இயக்குநர் சிங்கைக்கு அனுப்பப்பட்டார். படத்தின் பெயரும் ‘தில்லிக்கு, தில்லிக்கு’ என்பதே. அதே காலத்தில் சென்னை மாகாணத்தில், கச்சாச் சுருள் பஞ்சத்தால் படத்தின் நீளம் 11,000 அடிக்குள் நிற்க வேண்டும் என்ற கட்டளைக்கு நடுவே, ஆங்கில அரசின் போர் முயற்சிக்கு ஆதரவாகத் தமிழ்ப் படங்கள் உருவாயின. மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் எடுத்த ‘பர்மா ராணி’யும், கே. சுப்பிரமணியத்தின் ‘மானசம்ரட்சண’மும் அத்தகையன, அவற்றில் ஜப்பானியரே பகைவர். கடலுக்கு அக்கரையில் ஒரு தமிழர் கூட்டத்திற்கும், இக்கரையில் மற்றொரு கூட்டத்திற்கும் இருவேறு பகைவரைக் காட்ட முயன்ற விந்தையை நம் மாணவர் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

ஓசுவின் படம் முற்றுப்பெறவில்லை. போர் ஜப்பானுக்கு எதிராகத் திரும்பியது, படப்பிடிப்பு தேங்கியது. கைவேலை குறைந்த அவர், ஜப்பானியப் படை கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கப் படங்களைத் தனியே திரையிட்டுப் பார்த்தார். ‘சிட்டிசன் கேன்’ அவரை வியக்க வைத்தது. டிஸ்னியின் ‘ஃபேண்டேசியா’வைக் கண்டபோது, இத்தகையோருடன் பொருதுவது தோல்வியிலேதான் முடியும் என்ற ஐயம் தமக்கு எழுந்ததாகப் பின்னாளில் அவரே கூறினார். பிறருக்கு நம்பிக்கையூட்ட வந்தவர், இருட்டறையில் பகைவரின் படத்தைக் கண்டு தம் நம்பிக்கையை இழந்தார்!

1945இல் ஜப்பான் பணிந்தது. இந்தியப் படைவீரரைப் பற்றி எழுதிய திரைக்கதையையும் எடுத்திருந்த படச்சுருள்களையும் ஓசு தீயிட்டு அழித்தார். தடுப்பு முகாமில் சில திங்கள் கழித்தபின், 1946இல் தாயகம் திரும்பினார்.